கரையில் காவலுக்கு வந்த அண்ணன்

1

இன்று எங்கள் கல்யாண நாள். என் வீட்டுக்காரர் காலமாகி நான்கு வருடம் ஆகிவிட்டதால், வாழ்த்துச் சொல்வதா துக்கம் விசாரிப்பதா என்று சொந்தக்காரர்களுக்குக் குழப்பம். கள்ளக்குறிச்சிச் சொந்தங்களின் வாட்ஸாப் குழுவில் ஒருவர் மட்டும் கூப்பிய கைகள் படம் போட்டார். அது இரண்டுக்கும் பொருந்தும் என்று கண்டுபிடித்த அவரை மெச்ச வேண்டும். மெல்பர்னில் இருக்கும் என் மகன் பூங்கொத்து அனுப்பியிருந்தான். நான் யாருக்கும் பதில் போடாமல் பலகையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் காந்திமதி. பிறந்தது நைனார்பாளையம். பிழைப்பது ஆஸ்திரேலியாவில், சிட்னிக்குத் தெற்கே ஒரு சின்னக் கடற்கரை ஊரில். இங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்ற டீச்சர் எப்படி இருக்க வேண்டும் என்று நம் ஆட்கள் எழுதாமலே ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். காலையில் கோயில், மாலையில் பேரப்பிள்ளை, இடைப்பட்ட நேரத்தில் முட்டிவலி. எனக்கு முட்டி வலிக்காததால் மற்ற இரண்டையும் கூட ஒழுங்காகச் செய்ய முடியவில்லை. அலைச்சறுக்கு கற்றுக்கொண்டேன்.

முதல் ஆறு மாதம் நான் அலை மேல் ஏறவில்லை, அலைதான் என் மேல் ஏறியது. குடித்த உப்புத் தண்ணீருக்கு அளவில்லை. என்னிடம் பின்னம் படித்த பெண் ஒருத்திதான் கற்றுக்கொடுத்தாள். பின்னம் அவளுக்குக் கடைசிவரை வரவில்லை. அதற்குப் பழி வாங்குகிறாளோ என்றுகூட நினைத்தேன். ஏழாவது மாதம் ஒரு நாள் எழுந்து நின்றேன். நின்றது ஒரு தும்மல் போடும் நேரம்தான். ஆனால் கணவர் போனபிறகு அன்றைக்குத்தான் முதல் தடவையாக, யாரும் பக்கத்தில் இல்லாமலே, வாய்விட்டுச் சிரித்தேன். அதற்கப்புறம் என்னால் இதை விட முடியவில்லை.

காலையில் கடலுக்கு வரும் பெண்கள் ஐந்தாறு பேர் இருக்கிறோம். எல்லோரும் கிழவிகள், ஆனால் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆரம்பத்தில் ஒரு நாள் கிளம்பும்போது, நம் வழக்கப்படி, 'போய்விட்டு வருகிறேன்' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சாம்பார் வைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் நான் திரும்பி வருவேன் என்று வண்டி நிறுத்துமிடத்தில் ஈரத்தலையோடு காத்திருந்திருக்கிறார்கள். இத்தனை வருடம் இங்கே டீச்சர் வேலை பார்த்து நான் கற்ற ஆங்கிலத்தின் லட்சணம் அது.

2

வம்பு ஒரு வீடியோவில் ஆரம்பித்தது. பள்ளி விடுமுறைக்கு வந்த பேத்தி, நான் அலையில் வருவதைப் படம் பிடித்து அவள் அப்பாவுக்கு அனுப்பினாள். அவன் அதைப் பார்த்துப் பயந்து தன் மாமாவுக்கு, அதாவது என் அண்ணன் வீராசாமிக்கு அனுப்பினான். அண்ணன் அதை வாட்ஸாப் குழுவில் போட்டார். கறுப்பு ரப்பர் உடையில் ஒரு விதவை பலகை மேல் நிற்கும் காட்சியைப் பார்த்துச் சின்னசேலம் முதல் எலவனாசூர்கோட்டை வரை என் ஒழுக்கம் பற்றிக் கவலைப்பட்டார்கள். என் உயிர் பற்றிக் கவலைப்பட்டவர்கள் கொஞ்சம் கம்மி.

மகனின் கவலை வேறு. "அம்மா, இது சேஃப் இல்ல. பேசாம வீட்டை வித்துட்டு எங்களோட வந்துடுங்க" என்றான். அவன் வீட்டில் எனக்கென்று அறை தயார். அந்த அறையின் அருமை என்னவென்றால், அது பேத்தியின் பள்ளிக்கு மிக அருகில் இருக்கிறது. அவனும் மருமகளும் வேலை முடிந்து வரும்வரை அவளை அழைத்து வந்து, சோறு ஊட்டி, பாட்டு வகுப்பில் விட்டு, திரும்ப அழைத்து வர ஆள் வேண்டும். அதை அவன் சொல்லவில்லை. "நீங்க தனியா இருக்கீங்களேன்னுதான்" என்றான். மாதக்கணக்கில் போன் பண்ண நேரமில்லாமல் இருந்தவனுக்கு, பாட்டு வகுப்பு ஆரம்பித்த மாதத்தில் என் தனிமை கண்ணில் பட்டிருக்கிறது.

நான் மறுத்தேன். பேத்தி என்றால் எனக்கு உயிர், அது வேறு விஷயம். தன் பேச்சு என்னிடம் எடுபடாது என்று தெரிந்ததும் அவன் என் அண்ணனுக்கு டிக்கெட் எடுத்து அனுப்பினான். "மாமா சொன்னா அம்மா கேப்பாங்க" என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. குடும்ப வரலாறு தெரியாத பிள்ளை.

அண்ணன் வந்து இறங்கிய கதையைச் சொல்லியே ஆக வேண்டும். கல்வராயன் மலைச் சாமை, கடுக்காய், கருவாடு மூன்றையும் பெட்டியில் அடைத்துக்கொண்டு வந்தார். இந்த நாட்டுக்காரர்கள் ஆளை விட்டாலும் விடுவார்கள், விதையை விடமாட்டார்கள். விமான நிலையச் சோதனையில் மூன்றையும் எடுத்து மஞ்சள் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். அண்ணன் உடனே தமக்குத் தெரிந்த ஒரே அரசியல் நடவடிக்கையை எடுத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மறியல். அதிகாரிகள் பெரியவருக்கு மயக்கம் என்று பதறி, சக்கர நாற்காலி கொண்டு வந்து, தண்ணீர் கொடுத்து, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்து என்னிடம் ஒப்படைத்தார்கள்.

"பாத்தியா பாப்பா, இன்னா மரியாத" என்றார் அண்ணன்.

3

அவருடைய மறியல் அனுபவம் பழையது. என் கல்யாணமே அதற்குச் சாட்சி.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடங்கள் அவை. நான் அப்போது கல்வராயன் மலையில் ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில் வேலை பார்த்தேன். கீழே எங்கள் ஜனம் ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டது. மேலே மலைப் பிள்ளைகளுக்குக் காகிதத்தில் ஒதுக்கீடு எப்போதோ வந்துவிட்டது. ஆனால் மலையில் பிறந்தவர்கள் மலையில்தான் பிறந்தார்கள் என்பதற்குக் கீழே உள்ள அலுவலகத்தில் சான்று வாங்க வேண்டும். வாங்கப் போனால் பஸ் ஓடாது, ரோட்டில் மரம் கிடக்கும். பஸ் ஓடும் நாளில் அதிகாரி இருக்கமாட்டார். கிடைக்காதவர்களும் கிடைத்தவர்களும் அந்த ஒரே மரத்துக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். அந்தப் போராட்டத்தில் உயிரை விட்டவர்கள் உண்டு. அவர்களைக் கேலி பேச எனக்கு வாய் வராது. என் கேலி எல்லாம் என் அண்ணனோடு நின்றுவிடும்.

எங்கள் பக்கம் கல்யாணம் மாப்பிள்ளை ஊரில்தான் நடக்கும். முந்தின நாள் சாயங்காலம் பெண்ணை வண்டியில் அழைத்துப் போக வேண்டும். மாப்பிள்ளை எலவனாசூர்கோட்டை. தேதி குறித்து, பத்திரிகை அடித்து, வேன் பேசியபிறகுதான் மறியல் அறிவிப்பு வந்தது. அண்ணன் அப்போது ஊரில் இளைஞர்களுக்குத் தலைவர். பெண் வண்டி போகும்வரை வழியை விட்டுவைத்து, அப்புறம் மரத்தை வெட்டச் சொன்னால் போதும். வீட்டில் அப்படித்தான் பேச்சு. ஆனால் அதற்கு முந்தின நாள் கூட்டத்தில் அவர் கையில் மைக் கொடுத்துவிட்டார்கள். "கலெக்டர் வந்தாலும் வுடாதீங்க! மந்திரி வந்தாலும் வுடாதீங்க! என் வூட்டுப் பொண்ணு வண்டியே வந்தாலும் வுடாதீங்க!" என்று முழங்கினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனதாம்.

மறுநாள் நான் பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாக வேனில் உட்கார்ந்திருந்தேன். ஊர் எல்லை தாண்டியதும் பெரிய புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. மரத்துக்கு அந்தப் பக்கம் அண்ணனின் ஆட்கள். அண்ணன் இறங்கிப் போனார்.

"யோவ் மாரி, பொண்ணு வண்டிய்யா. என் தங்கச்சி."

"தெரியுதுண்ணா. நீங்கதான சொன்னீங்க, என் வூட்டு வண்டியே வந்தாலும் வுடாதீங்கன்னு."

"அது மேடைல சொன்னதுடா."

"நாங்க கைதட்டுனமேண்ணா" என்றான் மாரி. அவன் முகத்தில் கிண்டல் இல்லை. தலைவர் சொல்லை அவரே மீறுகிறாரே என்ற வருத்தம்தான் இருந்தது.

பெரியவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பெண்ணைத் திருப்பி அழைத்துப் போவதுதான் நல்லது என்று முடிவாகும் நேரத்தில், நான் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு மரத்தின் மேல் ஏறினேன். தண்டு உருண்டையாக இருந்ததால் கால் தடுமாறியது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்று, நடந்து, அந்தப் பக்கம் குதித்தேன். இப்போது பலகை மேல் நிற்கும்போது அந்த நிலை தன்னால் வருகிறது. எனக்குப் பின்னால் சீர்வரிசைப் பித்தளைக் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, போராட்டத் தலைவர் தானே வெட்டச் சொன்ன மரத்தைத் தாண்ட முடியாமல் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தார்.

ராத்திரியெல்லாம் வரப்பில் நடந்து, மாட்டு வண்டி பிடித்து, வழியெல்லாம் வேறு வேறு அண்ணன்மார்கள் வெட்டிய மரங்களைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது முகூர்த்தம் முடிந்திருந்தது. அடுத்த நல்ல நேரம் மறுநாள்தான். வந்த கூட்டத்துக்கு இன்னொரு நாள் சோறு போட முடியாது என்பதால் கெட்ட நேரத்திலேயே தாலி ஏறியது. என் மாமியார் தம் கடைசிக் காலம்வரை எனக்குச் சளி பிடித்தால்கூட "வந்த நேரம் அப்படி" என்பார். அந்தக் கெட்ட நேரக் கல்யாணம், ஒரு சண்டைகூட இரண்டு நாளுக்கு மேல் போகாமல், முப்பது வருடத்துக்கு மேல் நீடித்தது.

4

அண்ணன் இங்கே வந்து இரண்டு மாதம் ஆகிறது. மகன் கொடுத்தனுப்பிய திட்டம் என்னை மெல்பர்னுக்கு அனுப்புவது. ஆனால் வந்த மூன்றாம் நாளே அண்ணன் தம்முடைய சொந்தத் திட்டத்தை எடுத்து விட்டார்.

"அவன் வூட்ல போய் ஆயா வேல பாப்பியா நீ? ஊருக்கு வந்துடு. மாடில உனக்குன்னு ரூமு கட்டிக்கீறேன். வெஸ்டர்ன் டாய்லெட்டு போட்டாச்சு."

"எனக்கு இங்க டாய்லெட் இருக்கேண்ணா."

"வயசாயிடுச்சு பாப்பா உனக்கு. ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆனா யாரு பாக்கறது?"

அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். அண்ணி போன வருடம் இறந்துபோனார். பிள்ளைகள் இருவரும் பெங்களூரிலும் சென்னையிலும். இதையெல்லாம் அவர் கணக்கில் எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. வயதாவது, தனியாக இருப்பது போன்ற வியாதிகள் எல்லாம் தங்கைக்குத்தான் வரும்.

ஆனால் பிடிவாதம் பிடித்த காவல்காரர். தினமும் காலையில் நான் கடலுக்குப் போகும்போது குரங்குக் குல்லா, வேட்டி, என் கணவரின் பழைய கோட்டு சகிதம் பின்னாலேயே வந்து மணலில் உட்கார்ந்துகொள்வார். அலையில் நான் விழும்போதெல்லாம் எழுந்து நிற்பார். ஒரு காலையில் நான் எத்தனை தடவை விழுவேன் என்று எனக்குத் தெரியும், அதனால் அவருக்கு அது நல்ல உடற்பயிற்சி. என் சிநேகிதிகளுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. இவர்களுக்கு வேட்டியும் புரியவில்லை, அவருக்கு இவர்களுடைய ஆங்கிலமும் புரியவில்லை. அதனால் நல்ல நட்பு.

வீட்டுக்கு வந்ததும் சமைப்பேன். ஊரில் ஏழைச் சோறு என்று ஒதுக்கிய சாமை, இங்கே பளபளப்பான பையில் அடைத்து மருந்து விலைக்கு விற்கிறார்கள். சாமைச் சோறு வடித்து, கத்திரிக்காய் போட்டுப் புளிக்குழம்பு வைப்பேன். அண்ணனுக்குப் பசித்தாலும் நான் வந்து உட்காரும்வரை தட்டில் கை வைக்கமாட்டார். "நீ குந்து மொதல்ல" என்பார். உபசாரம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

5

இன்று காலை நடந்ததைத்தான் எழுத வந்தேன்.

அலைக்காகக் காத்திருப்பதுதான் இந்த விளையாட்டில் பாதி. கரைக்கு வெகு தூரத்தில் பலகை மேல் கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். என் கணவரை நினைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். கடல் கொஞ்சம் உயர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்த உயர்வுக்குப் பின்னால் இருந்ததால் கரையிலிருந்து பார்த்தவருக்கு நான் தெரியவில்லை. அண்ணன் முடிவு பண்ணிவிட்டார், தங்கை முழுகிவிட்டாள் என்று.

அவர் நன்றாக நீந்துவார். எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்ததே அவர்தான், எங்கள் கழனிக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டிவிட்டு. ஆனால் கிணறு யாரையும் எங்கேயும் இழுத்துக்கொண்டு போகாது. இந்தக் கடற்கரையில் சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடி நட்டு, இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இறங்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். வாழ்நாள் முழுக்கக் கொடிக்கு அடியிலேயே நின்ற மனிதர், கொடியை மதிக்க வேண்டிய அந்த ஒரே நாளில் மதிக்கவில்லை. அலை அடிக்காமல் அமைதியாக இருந்த இடமாகப் பார்த்து, கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கடலில் அலை இல்லாத இடம்தான் ஆளை உள்ளே இழுக்கும் இடம்.

நான் திரும்பிப் பார்த்தபோது ஒரு குரங்குக் குல்லா தண்ணீரில் மிதந்து வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு நரைத்த தலை, கரையைப் பார்த்துக் கையை வீசி வீசி நீந்திக்கொண்டே, கடலுக்குள் பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது எனக்குக் கேலி வரவில்லை. ஏற்கெனவே ஒரு சாவை வீட்டிலிருந்து தூக்கிக் கொடுத்தவள் நான். இன்னொன்று என்னால் முடியாது என்று கத்திக்கொண்டே கையால் தண்ணீரைத் தள்ளினேன்.

"அண்ணா, எதுத்து நீந்தாத! சும்மா கெட!"

"நீ உயிரோட கீறியா?" என்றார் அவர். வாய்க்குள் தண்ணீர். அந்த நிலையிலும் என்னைப் பார்த்ததில் அப்படி ஒரு நிம்மதி அவர் முகத்தில்.

"எதுத்து நீந்தாதன்னு சொல்றேனில்ல! பலகையைப் புடி!"

எதிர்க்காதே என்று அவரிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை போலிருக்கிறது. ரொம்பத் தயங்கித்தான் கையை நிறுத்தினார். பலகை மேல் அவரைக் குப்புறப் படுக்க வைத்து, நான் பின்னால் பிடித்துக்கொண்டு, இழுவையோடு பக்கவாட்டில் போய், அது விட்டதும் கரைக்குத் திரும்பினோம். பாதியில் கடற்கரைக் காவலர் ஒருவர் நீந்தி வந்து சேர்ந்துகொண்டார். கடைசியில் ஒரு சின்ன அலை வந்து எங்களைத் தூக்கியது. வேட்டி எங்கேயோ போய்விட, அரை டிரவுசரோடு என் அண்ணன் வாழ்க்கையில் முதல் அலையில் ஏறிக் கரைக்கு வந்தார். என் சிநேகிதிகள் கைதட்டினார்கள்.

காவலர் அவருக்குப் போர்வை போர்த்திவிட்டு, பெயர், வயது, கடலில் இறங்கிய காரணம் எல்லாம் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். காரணம் கேட்டதும் அண்ணன் என்னைக் கைகாட்டினார். குளிரில் அவர் உதடு நடுங்கியது.

6

வீட்டுக்கு வந்து, வெந்நீர் ஊற்றி, இஞ்சி தட்டிப்போட்டுக் காபி கொடுத்தேன். அதற்குப்பிறகுதான் திட்ட ஆரம்பித்தேன். கடல் என்ன நம் வீட்டுக் கிணறா, செத்திருந்தால் உன் பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன், இதற்குத்தான் வந்தாயா என்று டீச்சர் குரலில் நிறுத்தாமல் திட்டினேன். எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். சோற்றைப் போட்டுவிட்டு நானும் உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்ததும் அவர் சாப்பிட ஆரம்பித்தார்.

இரண்டு கவளம்கூடப் போயிருக்காது, அண்ணனின் போனில் மகன் அழைத்தான். அண்ணன் எச்சில் கையோடு இருந்ததால் இடது கையால் போனைத் தட்டிச் சத்தமாகக் கேட்கும்படி மேசையில் வைத்தார்.

"மாமா, எப்படி இருக்கீங்க? அம்மாகிட்ட பேசினீங்களா? ஓகே சொன்னாங்களா? ஸ்கூல் திறக்கப் போகுது, அதான் கேக்கறேன்."

காலையில் நடந்ததை அண்ணன் சொன்னால் போதும், மகன் அடுத்த விமானத்தில் வந்து என் பலகையை உடைத்துப் போடுவான். அவனுக்கு அதற்கு நியாயமும் கிடைத்துவிடும். அண்ணன் அதைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பேசிக்கினுதான் இருந்தேம்பா, ரெண்டு மாசமா. ஊருக்கு இட்டுக்கினு போய்டலாம்னு நானும் ஒரு கணக்குப் போட்டு வெச்சிருந்தேன். இவளுக்கு வயசாயிடுச்சு, தனியா கீறா, அதான்னு சொன்னேன். அதெல்லாம் பொய்யிப்பா. இவ நல்லாத்தான் கீறா. உங்க மாமி போனப்புறம் எனக்குத் தனியா குந்திச் சோறு துன்ன முடியல. எதுருல ஒரு ஆளு வேணும். அத வாயத் தொறந்து கேக்க வெக்கமா இருந்துச்சு. அதனால இவளுக்கு வியாதி மாரி சொல்லிக்கினு வந்துட்டேன்."

"மாமா, நான் என்ன சொல்றேன்னா..."

"இருப்பா. நான் கூப்புட்டது எனக்காக. சொல்லிட்டேன், செரியாப் போச்சு. நீ எதுக்குக் கூப்புடறன்னு நீயும் கொஞ்சம் ரோசன பண்ணிப் பாரு ராஜா. பாத்துட்டு, அத அப்பிடியே இவகிட்ட கேளு. வருவாளோ, வரமாட்டாளோ, அது இவ இஷ்டம்."

சொல்லிவிட்டு மறுபடியும் சோற்றைப் பிசைந்தார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறைக்கவில்லை. குழம்பு இன்னொரு கரண்டி எடுத்து அவர் தட்டில் ஊற்றினேன். போதும் என்று அவர் சொல்லவில்லை.

அண்ணனுக்குப் போனை எடுக்கத் தெரியும், அணைக்கத் தெரியாது. அது மேசை மேல் அப்படியே கிடந்தது. மெல்பர்னில் என் மகன் பேசாமல் இருப்பது எங்கள் இருவருக்கும் கேட்டுக்கொண்டே இருந்தது.